அது கோத்தியே போலி இல்லை

பாரிஸ் பழம்பொருள் சந்தையில் வாங்கினேன், பெண் உடல் வடிவ பாட்டில், மார்பில் அளவு நாடா, திறந்தால் நெயில் பாலிஷ் வாடை, இது பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஜான் பால் கோத்தியேயின் சென்ட்டின் போலியா என்று கேட்டிருந்தீர்கள். போலி என்று சொல்ல மாட்டேன். மூடியில் கண்ணாடிப் பூக்களும் இருந்தால் அது பெரும்பாலும் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லியின் 'ஷாக்கிங்' என்ற சென்ட்தான். 1937இல் வந்தது, கோத்தியேயின் பாட்டில் 1993இல்தான் வந்தது, ஆக யாரைப் பார்த்து யார் செய்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நடிகை மே வெஸ்டுக்கு உடை தைக்க வைத்திருந்த தையல் பொம்மையைப் பார்த்து லியோனோர் ஃபினி என்ற ஓவியர் வடிவமைத்த பாட்டில் அது, நாடா வந்ததும் அதனால்தான். வாசனையைச் செய்தவர் ஜான் கார்ல். பெட்டியின் பளீர் இளஞ்சிவப்புக்கே 'ஷாக்கிங் பிங்க்' என்று பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் ஸ்கியாபரெல்லி தன் உடை நிறுவனத்தை மூடினார், அப்புறம் சென்ட்டும் மெல்ல மறந்துபோனது.

சரி, வாடை விஷயம். முதலில் கெடுவது மேலே எழும் லேசான வாசனைகள்தான், அதற்காகக் கொட்டிவிடாதீர்கள். ஒரு சொட்டு காகிதத்தில் விட்டு அரை மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள், அடியில் ரோஜாவும் தேனும் கலந்த கனமான வாசனை மிச்சம் இருக்கலாம். ஆனால் தோலில் பூச வேண்டாம். வெயில் படாமல் அலமாரிக்குள் வையுங்கள்.