ஆறாத ஆசனவாய் வெடிப்பும் போடாக்ஸ் ஊசியும்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். வெட்கத்தால் பலர் மாதக்கணக்கில் மறைத்து வைத்த கேள்விகள் இவை.

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்: டாக்டர், மலம் கழிக்கும்போது கண்ணாடிச் சில்லு கிழிப்பதுபோல் வலிக்கிறது. பிறகும் இரண்டு மணி நேரம் எரிகிறது. நான்கு மாதமாக மூலத்துக்கு மருந்து தடவுகிறேன், கேட்கவில்லை.

அம்மா, இது மூலம் போலத் தெரியவில்லை. மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல்தான் ரத்தம் வரும். நீங்கள் சொல்வது ஆசனவாய் வெடிப்பின், அதாவது அங்குள்ள தோல் கிழிந்து புண்ணாவதன், அடையாளம். நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ‘மூலம், பௌத்திரம்’ என்று சுவரில் ஒட்டியிருப்பதை நம்பிப் போய்விடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது? பெண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

வியாசர்பாடி ஆட்டோ ஓட்டுநர்: முகச் சுருக்கத்துக்குப் போடும் ஊசியை அங்கே ஏன் போடுகிறார்கள்?

ஆசனவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள் உண்டு. உள்வளையம் நம் சொல் கேட்காது. வெடிப்பு வலித்தால் அது இறுகிக்கொள்கிறது. இறுகிய இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால் புண் ஆறுவதில்லை. மறுநாள் மீண்டும் கிழிகிறது, மீண்டும் இறுகுகிறது. ஆறு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் அதை நாள்பட்ட வெடிப்பு என்கிறோம். போடாக்ஸ் ஊசியில் இருக்கும் போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் அந்தத் தசையில் செலுத்தினால், இறுகச் சொல்லும் நரம்புச் சைகை தடைபடும். சில நாளில் தசை தளரும். சுமார் மூன்று மாதம் அந்தத் தளர்ச்சி நிற்கும். அதற்குள் புண் ஆறிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. 1990களிலிருந்து இம்முறை கையாளப்படுகிறது.

பெரம்பூர் வாசகி: இரண்டு சுகப்பிரசவம் ஆனவள். எனக்கு ஊசியா, அறுவையா?

முதலில் தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பை ஆறு முதல் எட்டு வாரம் தடவிப் பாருங்கள். நைட்ரோகிளிசரின் களிம்பும் உண்டு, ஆனால் பலருக்குத் தலைவலி தரும். கேட்காவிட்டால் உங்களுக்கு நான் ஊசியைத்தான் சொல்வேன். உள்தசையைச் சிறிது வெட்டிவிடும் அறுவையில் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறது, உண்மைதான். ஆனால் பிரசவத்தில் தசை ஏற்கெனவே பலவீனமாகியிருந்தால், வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாத நிலை நிரந்தரமாகிவிடும் ஆபத்து உண்டு. ஊசியால் அப்படி நேர்ந்தாலும் மருந்தின் வேகம் குறையும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். குணமாகும் விகிதம் அறுவையைவிடக் குறைவு, வெடிப்பு திரும்பவும் வரலாம். இதை மறைக்க மாட்டேன். தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எண்ணூர் தொழிலாளி: ஊசி போட்டபின் பத்தியம் உண்டா?

பத்தியம் இல்லை, தம்பி. மலம் இளகலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தெருமுனைக் கேழ்வரகுக் கூழ் போதும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காருங்கள். கழிப்பறை அசுத்தமாக இருக்கிறதென்று வேலை முடியும்வரை அடக்காதீர்கள். அடக்கினால் மலம் இறுகும்.

கொருக்குப்பேட்டை இளைஞர்: அப்பாவுக்கு 58 வயது. வலி இல்லை, ரத்தம் போகிறது, உடல் மெலிகிறார். இந்த ஊசி போடலாமா?

வேண்டாம். வலியில்லாமல் ரத்தம் போவதும் மெலிவதும் வெடிப்பு போலத் தெரியவில்லை, குடலில் வேறு நோய் இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அப்பா மறுத்தாலும் விடாதீர்கள்.