கரடியும் வில்லும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். உங்கள் வன்னிக் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து அவுட்டோர்ஸ் கார்டும் எடுத்துவிட்டேன். வருகிற மே மாதம் ஒன்ராறியோ மாகாணத்தின் சட்பரிக்கு வடக்கே கறுப்புக் கரடி வேட்டைக்குப் போகத் திட்டம். வில் மட்டும்தான், துவக்கு இல்லை. தலையைச் சுவரில் மாட்டுகிற ஆசை எனக்கு இல்லை. இறைச்சிக்காகத்தான் போகிறேன்.

எத்தனை இறாத்தல் இழுவையுள்ள வில் வேண்டும்? இரை வைத்துக் காத்திருப்பது எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. வல்வில் ஓரியின் வழியில் வந்தவர்கள் நாம். தடம் பார்த்து, காட்டுக்குள் நடந்து நெருங்கித்தான் அடிக்க விருப்பம். இறைச்சியை ஒரு மாதம் ஃபிரீசரில் வைத்தால் புழு செத்துவிடும், பிறகு அரைவேக்காட்டில் ஸ்டேக்காகச் சாப்பிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரியா? இன்னொருவர் பித்தப்பையை நல்ல விலைக்குக் கேட்கிறார். என் மனைவிக்கு இதெல்லாம் துளியும் பிடிக்கவில்லை. அவருக்கு என்ன சொல்வது?

அன்புடன்,
தம்பி ஒருவன்

அன்புள்ள தம்பி,

நான் இருக்கிற வடக்கு ஊரில் இப்போதுதான் பனி உருகுகிறது. தெருவோரத்தில் புல் முளைத்தால் கரடி வெளியே வரும், அதோடு தெற்கிலிருந்து வேட்டைக்காரரும் வருவார்கள். கொஞ்சக் காலமாக அவர்களில் நம் பிள்ளைகளையும் காண்கிறேன். அவர்களை இருத்திவைத்துக் கதைக்க வேண்டிய விஷயம் ஒன்று என் மனதில் கிடந்தது. நீங்களே எழுதிவிட்டீர்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்ராறியோ சட்டப்படி கரடிக்குக் குறைந்தது 22 கிலோ இழுவை வேண்டும், அதாவது 48 இறாத்தலுக்குக் கொஞ்சம் மேலே. மிச்சத்தை வில்லுக் கடைக்காரர் உங்கள் கையை அளந்து சொல்வார். பித்தப்பை விஷயத்தை இன்றோடு விடுங்கள். கரடியிலிருந்து பிரித்தெடுத்த பித்தப்பையைக் கையில் வைத்திருப்பதே இங்கே குற்றம். அந்த ஆளோடு இனிப் பேச்சு வேண்டாம். மனைவிக்கு என்ன சொல்வது என்று என்னைக் கேட்கிறீர்கள். ஏன் பிடிக்கவில்லை என்று அவரைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை.

ஓரியையும் விட்டுவிடுங்கள். யானையைத் துளைத்த அம்பு புலி, மான், பன்றி, உடும்பு என்று ஊடுருவிப் போனதாகப் புலவர் பாடியது வள்ளலின் பெருமையை. உங்கள் அம்பு ஒரு கரடியின் இரண்டு நுரையீரலையும் துளைத்து அடுத்த பக்கத்தால், அதுவும் தாழ்வாக, வெளியே வந்தால் போதும். அம்பு கொல்வது இரத்தப்போக்கால்தான். கரடியின் அடர்ந்த மயிரும் கொழுப்பும் அந்த இரத்தத்தைக் குடித்துவிடும். மேலே பட்டு உள்ளேயே நின்ற அம்பு நிலத்தில் ஒரு துளியைக்கூடக் காட்டாது. பக்கவாட்டில் நின்று முன்னங்காலை முன்னே வைக்கிற வரைக்கும் விடாதீர்கள். நேருக்கு நேர் நிற்கிற கரடிக்கு ஒருநாளும் விடாதீர்கள்.

இறைச்சி. இதில் உங்கள் நண்பர் சொல்வது ஆபத்தான பேச்சு. வடக்கத்திக் கரடியின் தசையில் இருக்கிற டிரிக்கினெல்லா என்கிற ஒட்டுண்ணிப் புழு வகை குளிரில் சாகாது. 2022இல் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்ப ஒன்றுகூடலில் சஸ்காச்சுவான் கரடியைக் கம்பியில் குத்திச் சுட்டுச் சாப்பிட்டார்கள். 45 நாள் ஃபிரீசரில் இருந்த இறைச்சி. கரடி இறைச்சி இயல்பிலேயே கறுத்த சிவப்பு, வெந்ததா இல்லையா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆறு பேருக்கு நோய் வந்தது. அதில் இரண்டு பேர் இறைச்சியைத் தொடவே இல்லை, கூடச் சுட்ட மரக்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். ஆகவே வெப்பமானி ஒன்று வாங்குங்கள். துண்டின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். நறுக்கிய பலகையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எங்கள் வீட்டுப் பிரட்டல் நெடுநேரம் அடுப்பில் கிடந்து வேகிற சமையல், கரடிக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. இவ்வளவு நல்ல முறையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேக் எதற்கு?

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இரை வைப்பது ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த வரியில்தான்.

கறுப்புக் கரடிகள் கூடுவது ஜூன் மாதத்தை ஒட்டி. ஆனால் கரு நவம்பர் அளவில்தான் கருப்பையில் ஒட்டி வளரத் தொடங்கும். அந்த இலையுதிர்காலத்தில் தாய் போதிய கொழுப்புச் சேர்க்கவில்லை என்றால் கரு நிலைக்காது. ஜனவரியில், பனிக்கு அடியில், அரைக் கிலோவும் இல்லாத குட்டிகள் பிறக்கும். தாய் ஒரு கவளம் தின்னாமல் பாலூட்டும். வசந்தத்தில் ஆண்கள் முதலில் வெளியே வருவார்கள், புதுக் குட்டிக்காரி கடைசியில் வருவாள். குட்டிகள் ஒரு முழு வருடம் அவளோடு திரிந்து, அடுத்த குளிரையும் அவளோடு ஒரே குகையில் கழித்து, அதற்கடுத்த மே, ஜூனில்தான் பிரியும். நீங்கள் மே மாதத்தில் காண்கிற வளர்ந்த பெண் கரடி பெரும்பாலும் யாரோ ஒருவரின் தாய். அவள் போனால் அந்த வருடத்துக் குட்டிகளும் போய்விடும்.

வன்னியில் காட்டுக்குப் போனவர்கள் யானையைவிடக் கரடிக்குத்தான் பயப்படுவார்கள். அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்க் கரடி குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். கண்ட மாத்திரத்தில் தாய் என்று விளங்கிவிடும். இங்கே அப்படி இல்லை. கறுப்புக் கரடி குட்டிகளை ஒரு பெரிய பைன் மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியே இரை தேடப் போகும். நீங்கள் காண்பது ஒற்றைக் கரடியை. குட்டிகள் மரத்தின் உச்சியில், சத்தம் இல்லாமல் இருக்கும்.

இப்போது உங்கள் திட்டத்தை யோசித்துப் பாருங்கள். சட்பரிக்கு வடக்கே மே கடைசியில் ஆல்டர் புதரும் பொப்லார் இலையும் சேர்ந்துவிட்டால் இருபது மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வில்லுக்கும் ஏறத்தாழ அந்த இருபது மீற்றர்தான் தூரம். காற்று திரும்பினால் கரடி உங்களை மணந்துவிடும். இலைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தெரியும், சில விநாடி கிடைக்கும். அதற்குள் இது ஆணா பெண்ணா, பின்னால் மரத்தில் ஏதும் இருக்கிறதா என்று எப்போது பார்ப்பீர்கள்? பிரிட்டிஷ் கொலம்பியாவில் கரடிக்கு இரை வைக்கத் தடை. அங்கே அது சரி. திறந்த மலைச்சரிவில் கரடி புல் மேய்வதைத் தூரக்கண்ணாடியால் ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஒன்ராறியோக் காட்டில் அந்த நேரத்தை உங்களுக்குத் தரக்கூடியது, கரடியை ஓரிடத்தில் நின்று தின்ன வைக்கிற இரைப் பீப்பாயும், நீங்கள் மேலே ஏறிக் காத்திருக்கிற பரணும்தான். காட்டில் நடந்து அடித்தேன் என்கிற பெருமை உங்களுக்கு. அதற்கு விலை கொடுப்பது மரத்தில் இருக்கிற குட்டி.

எனக்கு இதைக் காட்டித் தந்தவர் இந்தப் பக்கத்துப் பிரெஞ்சுக்கார முதியவர் ஒருவர். ஒரு ஜூன் மாதப் பின்னேரம் அவரோடு பரணில் இருந்தேன். பீப்பாய்க்குள் ஓட்ஸும் பழைய பாணும், பொரித்த எண்ணெயும் ஊற்றி வைத்திருந்தார். கறுப்பு ஈ காதுக்குள் புகுந்து கடிக்கும், கையை அசைக்கக் கூடாது. கரடி வந்த சத்தமே கேட்கவில்லை, திடீரென்று அங்கே நின்றது. தனிக் கரடி, நல்ல உடம்பு, மினுமினுக்கிற மயிர். யாரும் வில்லை எடுத்திருப்பார்கள். அவர் என் முழங்கையில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். கரடி ஒரு வாய் ஓட்ஸ் தின்னும், தலையைத் திருப்பி வந்த வழியைப் பார்க்கும். பிறகு இன்னொரு வாய். ஆண் கரடி காற்றுக்குத்தான் மூக்கைத் தூக்கும், இப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்காது என்று அவர் பிறகு சொன்னார். அது பீப்பாயைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது வயிற்றில் மயிர் தேய்ந்து முலைக்காம்புகள் தெரிந்தன. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. எங்களுக்குப் பின்னால், பரணுக்கு எட்டித் தொடுகிற தூரத்தில், பைன் பட்டை உதிர்கிற சத்தம் கேட்டது. இரண்டு குட்டிகள், பின்பக்கம் கீழே, நகத்தால் மரத்தைக் கவ்விக் கவ்வி இறங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் அங்கே ஏறி இருந்த நேரமெல்லாம் அவை எங்கள் தலைக்கு மேலேதான் இருந்திருக்கின்றன.

1999இல் முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு இந்த மாகாணத்தின் வசந்தகாலக் கரடி வேட்டையை நிறுத்தியது. அன்று சொன்ன காரணம், குட்டிகள் தாயில்லாமல் சாகின்றன என்பதுதான். வடக்கில் இன்னும் அதைக் கோபத்தோடு பேசுவார்கள். வேட்டைக்காரருக்கு வழிகாட்டிப் பிழைத்தவர்கள் ஒரே இரவில் தொழிலை இழந்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது. வேட்டை இல்லாததால்தான் கரடி ஊருக்குள் வருகிறது என்ற அவர்களின் வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். காட்டில் புளூபெரி காய்க்காத வருடங்களில் கரடி அதிகம் வரும், காய்த்தால் குறைவாகத்தான் வரும். 2014இல் சில பகுதிகளில் பரீட்சார்த்தமாக மீண்டும் தொடங்கி, 2021இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். வசந்தத்தில் குட்டியையும் குட்டியோடு இருக்கும் தாயையும் கொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் பைன் மரத்தை அண்ணாந்து பார்ப்பது விதியின் வேலை இல்லை, உங்கள் வேலை. வாஷிங்டன் மாநிலம் 2022இல் வசந்த வேட்டையை நிறுத்தியது. கொலராடோ 1992இலேயே வாக்கெடுப்பில் நிறுத்திவிட்டது. இங்கே மறுபடியும் நிறுத்தச் சொல்லிக் குரல் எழுந்தால், அது அவசரக்காரர்களால்தான் எழும்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். பீப்பாய்தான் அளவுகோல். 200 லீற்றர் பீப்பாயை நிறுத்தி வைத்து, கரடியின் முதுகு அதில் எங்கே வருகிறது என்று பாருங்கள். பெரிய ஆணின் தலை அகன்றது, காதுகள் சிறியதாக, இரண்டு ஓரத்திலும் தள்ளித் தெரியும். பெண்ணுக்கும் இளசுக்கும் காது நீளமாக, நெருக்கமாகத் தெரியும், முகம் ஒடுங்கியிருக்கும். ஆண் தோளை உருட்டி, முன்பாதத்தை உள்ளே திருப்பி நடப்பான். இத்தனையும் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால் வில்லைத் தொடாதீர்கள். ஐயம் இல்லாவிட்டாலும் சுற்றியுள்ள மரங்களை ஒவ்வொன்றாக உச்சி வரைக்கும் பாருங்கள். இருட்டிவிட்டால் இறங்கி வீட்டுக்கு வாருங்கள். வெறுங்கையோடு வந்தாயா என்று கேட்கிறவர்களோடு வேட்டைக்குப் போகாதீர்கள்.

இறைச்சிக்காகத்தான் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. ஜூன் மாதத்தில் வெயில் இருபது பாகையைத் தாண்டும். அந்த மயிருக்குள் சூடு அடைந்து கிடக்கும், இறைச்சி கெதியாகப் பழுதாகும். தோலை உடனே உரித்து, கால்களைப் பிரித்து, துணிப்பையில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு ஆளால் முடிகிற வேலை இல்லை. கத்தி பிடிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புல்லும் டன்டிலைனும் தின்று திரிகிற வசந்தக் கரடியில் கொழுப்பு குறைவு, இறைச்சியில் நாற்றம் இருக்காது. இருக்கிற கொஞ்சக் கொழுப்பையும் எறியாமல் மெல்லிய நெருப்பில் உருக்கி வடியுங்கள், வெள்ளையாக உறையும், ரொட்டி சுட நல்லது.

வசந்த வேட்டைக் காலம் மே 1 முதல் ஜூன் 15 வரை. என் சொல்லைக் கேட்பீர்கள் என்றால் இந்த மே மாதம் வில்லை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு வழிகாட்டியின் பரணில், பின்னேரம் பின்னேரமாகப் போய் இருங்கள். வருகிற ஒவ்வொரு கரடியையும் ஆணா பெண்ணா, எத்தனை வயதிருக்கும் என்று ஒரு கொப்பியில் எழுதி, கூட இருக்கிறவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மனைவியையும் ஒருநாள் கூட்டிப்போகலாம், அவர் விரும்பினால். ஜூன் கடைசியில் அந்தக் கொப்பியில் எழுதியதை எனக்கு அனுப்புங்கள். வில்லைப் பற்றி அப்போது கதைப்போம்.

அன்புடன்,
அக்கா