பைக்கால விழுந்த அடி வயது போனா நோகுமோ? நோகும், ஆனா நீங்கள் நினைக்கிற அடி இல்லை

"இளம் வயதில் மண் ரோட்டில் ட்ரெயில் பைக் ஓடி விழுந்த அடிகள் பிற்காலத்தில் நோகுமா?" எண்டு கேட்டிருக்கிறியள். போன கிழமை விழுந்துபோட்டு ஒற்றைக் கையால எழுதுற மாதிரித்தான் எனக்குப் படுது.

எனக்கு இப்ப 49. சண்டையால பூட்டிக் கிடந்த கண்டி - யாழ்ப்பாண ஏ9 பாதை திறந்ததுக்கு அடுத்த வருசம், 2003இல, யமஹா டி.டி. 125 எண்டு ஒரு பழைய ட்ரெயில் பைக் வாங்கினன். அதுவரைக்கும் மண்ணெண்ணெயில ஓடின எம்.டி. 90 மோட்டசைக்கிளை உதைஞ்சு களைச்ச கால் இது. மாங்குளம் - ஒட்டுசுட்டான் ரோட்டில கிரவல் சறுக்கி எறிபட்டு, காறை எலும்பு முறிஞ்சுது. ஊரே வந்து பார்த்தது. ஆறு கிழமை கையைத் தூக்கிக் கட்டியிருந்தன். இப்ப தடவினா ஒரு சின்னப் புடைப்பு, வேற ஒண்டுமில்லை.

என்னைத் தின்னுறது மற்ற விழுகை. அதே வருசம் மாரிக்கு, வவுனிக்குளப் பக்கம் சேத்துக்குள்ள, நடக்கிற வேகத்தில சரிஞ்சு இடது உள்ளங்கையை ஊண்டினன். சிரிச்சுக்கொண்டு எழும்பி வீட்ட வந்தன். பெருவிரலை விரிச்சா அடியில ஒரு குழி விழுமெல்லோ, அதுக்குள்ள அமத்தினா உயிர் போகும். எக்ஸ்ரேயில ஒண்டும் தெரியேல்லை. சுளுக்குத்தான் எண்டு அம்மா நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டா. பிறகு யுத்தம், இடப்பெயர்வு, முகாம். கையை ஆர் பார்த்தது?

2012இல திரும்பப் படம் எடுக்கேக்க டொக்டர் கேட்டார்: "செல் பீஸ், குண்டுச் சிதறல் ஏதும் பட்டதோ?" வெக்கமாப் போச்சு. "இல்லை டொக்டர், மோட்டசைக்கிளோட சேத்துக்குள்ள விழுந்தது." ஸ்கஃபொயிட் எண்டு மணிக்கட்டில ஒரு சின்ன எலும்பு. அதுக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்தாலதான் போகுமாம். இடையில முறிஞ்சா மற்றத் துண்டு பட்டினி. ஒட்டாமலே கிடந்து, சுத்தியிருக்கிற மூட்டையும் தேய்ச்சுப்போட்டுது. இப்ப நனைஞ்ச சாரத்தைப் பிழிய ஏலாது. பாயால எழும்பேக்க கையைப் பொத்தி ஊண்டித்தான் எழும்புறன். மகள் குரங்கு எண்டுறாள்.

உடம்புக்குள்ள பீஸோட வாழுற சனம் இருக்கேக்க உன்ர பைக் கதை பெரிசோ எண்டு ஆரும் கீழ எழுதுவியள். பெரிசில்லை எண்டு எனக்கும் தெரியும், அதாலதான் ஒன்பது வருசம் வாய் திறக்கேல்லை. மாரிக்கு நோ கூடுறது மனப்பிரமை எண்டுற ஆக்களோட சண்டை பிடிக்கவும் நான் வரேல்லை. டொக்டரும் இல்லை. அந்தக் குழிக்குள்ள நொந்தா, முதல் படம் சுத்தமா வந்தாலும் கையை அசையாமல் வைச்சு, 10-14 நாளில திரும்ப ஒருக்கா எடுங்கோ. உருவ விடாதேங்கோ.

டி.டி.க்கு என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் கேட்கமாட்டியள், நானே சொல்லுறன். முகாமால வந்து அதைத் திரும்பக் கண்டுபிடிச்சு, துருத் தட்டி, கொட்டிலுக்குள்ள வைச்சிருந்தன். கைக்கு மருந்தெடுக்க நான் யாழ்ப்பாணம் போய்வந்த கிழமை, "இனி நீங்கள் ஓடமாட்டியள்தானே அத்தான்" எண்டு மச்சினன் 35,000க்கு வித்துப்போட்டான். 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப்பிறகு பழைய பைக்குகள் என்ன விலைக்குப் போனதெண்டு உங்களுக்குத் தெரியும். அந்த 35,000இலும் 10,000 இன்னும் வரேல்லை.