ராக் மட்டுமே கேட்பவர் ஃபோக் பக்கம் வர எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

லெட் செப்லின், பிங்க் ஃப்ளாய்ட், டீப் பர்ப்பிள் என்று கேட்டு வளர்ந்தவர், அதே காலத்து ஃபோக் (நாட்டுப்புறப் பாட்டு மரபில் வந்த இசை) ஆல்பங்களை எல்லாரும் புகழ்கிறார்களே என்று போட்டால் தூக்கம்தான் வருகிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்துக் குழுவின் 'அன்ஹாஃப்பிரிக்கிங்', 1969 ஜூலை. அது பிடித்தால் அதே குழு அதே வருடம் டிசம்பரில் வெளியிட்ட 'லீஜ் அண்ட் லீஃப்'. உங்களிடம் யாரோ முதலிலேயே இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' ஆல்பத்தைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ராக் கேட்பவரிடம் எடுத்தவுடன் அதைக் கொடுப்பது அநியாயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பதிலில் பாதி என் நண்பனுடையது. நாங்கள் இருவரும் பல வருடங்களாகப் பழைய ஆல்பங்களைக் கேட்டு மதிப்பெண் போட்டுக்கொள்கிறோம். விதிகள் கொஞ்சம் கறார். பத்துக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதிவிட்டுத்தான் காட்டவேண்டும், குறைந்தது இரண்டு தடவை முழுசாகக் கேட்டிருக்கவேண்டும், தொகுப்பு ஆல்பம் கிடையாது, பின்னாளில் ஒட்டிய போனஸ் பாட்டுகள் கணக்கில் வராது. அவன் சின்ன வயதில் மிருதங்கம் கற்றவன், எதைப் போட்டாலும் முதலில் தாளத்தைத்தான் பிடிப்பான். எனக்குக் குரலும் வரிகளும்தான் முதலில். அதனால் பெரும்பாலும் மதிப்பெண் ஒத்துப்போகாது. இருவரும் ஒரே எண் எழுதிவிட்டால் அன்றைக்குப் பேச ஒன்றும் இருக்காது, வேறு ஆல்பத்துக்குப் போய்விடுவோம்.

சரி, அன்ஹாஃப்பிரிக்கிங். நான் 9, அவன் 7.

அவன் வாதம் இது: எட்டுப் பாட்டில் மூன்று அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுடையது, அதில் ஒன்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பாடியிருக்கிறார்கள், நடுவில் ஏதோ கீழே விழுந்து உடையும் சத்தம்வேறு கேட்கிறது. "குழுவுக்கே தான் யாருன்னு தெரியலை மச்சான், எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்க்கறாங்க." உண்மைதான். எனக்கு அதனால்தான் அது பிடிக்கிறது. அதுவரை பெரும்பாலும் அமெரிக்கப் பாடகர்களின் பாட்டுகளை எடுத்து வாசித்துக்கொண்டிருந்த லண்டன் பையன்கள், இந்த ஆல்பத்தின் நான்காவது பாட்டில் தங்கள் ஊரின் பழைய பாட்டு ஒன்றைத் தொடுகிறார்கள். 'எ செய்லர்ஸ் லைஃப்'. கடலுக்குப் போன காதலனைத் தேடிப் படகில் போகும் பெண்ணின் கதை, பதினோரு நிமிடம். குழுவின் பாடகி சாண்டி டென்னி மெல்ல ஆரம்பிக்கிறார், பின்னால் சிம்பல் மட்டும் அலைபோல வந்து வந்து போகிறது. கதை முடிந்த இடத்தில் பாட்டு முடிவதில்லை, ரிச்சர்ட் தாம்சனின் எலெக்ட்ரிக் கிதாரும் விருந்தாளியாக வந்த டேவ் ஸ்வார்பிரிக்கின் ஃபிடிலும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கின்றன. ஒரே டேக்கில் பதிவானது. ஃபோக் என்றால் ஒற்றைக் கிதாரும் சோகமும் என்று நினைக்கும் ராக் ரசிகரை உட்காரவைக்க இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. நண்பனும் இந்த ஒரு பாட்டுக்குப் பத்துக்குப் பத்து போடுகிறான், மற்றவை இழுத்துவிடுகின்றன என்கிறான்.

அந்த சிம்பலை வாசித்தவர் மார்ட்டின் லாம்பிள், வயது 19. ஆல்பம் பதிவாகி முடிந்து வெளிவருவதற்குள், 1969 மே 12 அன்று, பர்மிங்காமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் விபத்துக்குள்ளானது. லாம்பிளும் தாம்சனின் தோழி ஜீனி ஃப்ராங்க்ளினும் இறந்துபோனார்கள். இதைத் தெரிந்துகொண்டு கேட்பது நியாயமான மதிப்பெண்ணா என்று எங்களுக்குள் ஒரு பெரிய சண்டையே நடந்தது. சோகக் கதைக்காக நான் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவதாக அவன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. விபத்தே நடக்காவிட்டாலும் இதே ஆல்பத்தின் ஆறாவது பாட்டு 'ஹூ நோஸ் வேர் த டைம் கோஸ்' அதே பாட்டுதான். இருபது வயதை ஒட்டி எழுதிய பாட்டில் சாண்டி டென்னிக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் பிடிபடாத விஷயம். அட்டைப்படத்தில் வீட்டு வாசலில் நிற்கும் நடுத்தர வயதுத் தம்பதி அவருடைய பெற்றோர், குழுவினர் வேலிக்குப் பின்னால் தோட்டத்தில் தெரிகிறார்கள். பிரிட்டனில் வந்த மூல அட்டையில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ கிடையாது.

லீஜ் அண்ட் லீஃபில் எண்கள் தலைகீழ். அவன் 10, நான் 8.

விபத்துக்குப் பிறகு, அதுவரை மேடையில் வாசித்த தங்கள் பாட்டுகளை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்து, கோடைக்கு ஹாம்ப்ஷயரில் ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். ஸ்வார்பிரிக் முழுநேரமாகச் சேர்ந்தார். டிரம்ஸுக்கு டேவ் மேட்டக்ஸ் வந்தார், அவர் நடனக் குழுக்களில் வாசித்தவர், ஃபோக் பழக்கமே கிடையாது. பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் இருக்கும் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பழைய கதைப்பாடல்களைத் தேடிக் கொண்டுவந்தார். இதற்கெல்லாம் தூண்டுதல் 'த பேண்ட்' குழுவின் 1968 ஆல்பம் என்று சொல்வார்கள். அமெரிக்க இசையை அவர்களே அவ்வளவு நன்றாகச் செய்யும்போது நாம் நம் ஊர் சரக்கை எடுப்போம் என்ற எண்ணம்.

நண்பன் இங்கே மேட்டக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். 'மேட்டி குரோவ்ஸ்' எட்டு நிமிடக் கொலைக்கதை. பிரபுவின் மனைவி ஒரு சாதாரண இளைஞனைப் படுக்கைக்கு அழைக்கிறாள், பிரபு வந்துவிடுகிறான், வாள்சண்டை, இளைஞன் சாகிறான், செத்தவனே உன்னைவிட மேல் என்று அவள் சொல்ல அவளையும் கொல்கிறான். கொன்றபிறகு ஒரே குழியில் புதைக்கச் சொல்கிறான், ஆனால் அவள் உயர்குடி என்பதால் மேலே இருக்கட்டும் என்கிறான். (இந்த வரி வரும்போது மட்டும் நான் எப்போதும் பாட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிக் கேட்பேன். பிணத்துக்கும் அந்தஸ்து!) இவ்வளவு கதைக்கும் மேட்டக்ஸ் எங்கேயும் துருத்திக்கொண்டு தெரியமாட்டார், தாளத்தைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார், கதை முடிந்ததும்தான் குழு முழுசாகக் கட்டவிழ்கிறது. "வாசிக்காம விட்ட அடிகளுக்குத்தான்டா நான் பத்து போட்டேன்" என்பான். எனக்கு இரண்டு மதிப்பெண் குறைவது நடுவில் வரும் வாத்தியத் தொகுப்பால். ஜிக், ரீல் என்று அடுத்தடுத்து நான்கு நாட்டுப்புற நடன மெட்டு. சாண்டி டென்னி அறையிலிருக்கும்போது அவரைப் பாடவிடாமல் ஏன் என்று தோன்றும். 2006இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் இதைத்தான் எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஃபோக் ஆல்பம் என்று தேர்ந்தெடுத்தார்கள், அதை வேறு அவன் வாட்ஸ்அப்பில் எனக்கு அடிக்கடி அனுப்புவான்.

நீங்கள் செப்லின் ஆள் என்பதால் உங்களுக்கு ஏற்கெனவே இந்தப் பக்கம் ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. நான்காவது ஆல்பத்தில் 'த பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாட்டில் ராபர்ட் பிளான்ட்டோடு சேர்ந்து பாடும் பெண் குரல் இதே சாண்டி டென்னிதான். செப்லின் ஆல்பம் எதிலும் வேறு விருந்தினர் குரலே கிடையாது. அந்த ஆல்பத்தில் பெரும்பகுதி பதிவானதும் ஹாம்ப்ஷயரிலேயே ஹெட்லி கிரேஞ்ச் என்ற இன்னொரு பழைய வீட்டில். 'வென் த லெவி பிரேக்ஸ்' டிரம்ஸுக்காக ஜான் பான்ஹமை மாடிப்படிக் கூடத்தில் உட்காரவைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டார்கள். அதற்கு முந்தைய மூன்றாவது ஆல்பத்துக்கு நான் 8, அவன் 8, எனவே அதைப் பற்றிப் பேச்சில்லை. கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வேல்ஸ் குடிசையில் உட்கார்ந்து கிதார்காரர் ஜிம்மி பேஜும் பிளான்ட்டும் எழுதிய பாட்டுகள் அதில் இருக்கின்றன, இரண்டாம் பக்கத்தை மறுபடி கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது நிக் டிரேக். பிங்க் மூன், 1972, மொத்தமே 28 நிமிடம், அவரும் கிதாரும் மட்டும், தலைப்புப் பாட்டில் கொஞ்சம் பியானோ. இரண்டு இரவுகளில் பதிவு முடிந்தது, கூடவே இருந்தவர் ஒலிப்பதிவாளர் ஜான் வுட் ஒருவர்தான். உயிரோடிருந்தவரை அவருடைய மூன்று ஆல்பங்களையும் வாங்க ஆளில்லை. 1974இல் 26 வயதில் இறந்தார். கால் நூற்றாண்டு கழித்து ஒரு கார் விளம்பரத்தில் இந்தத் தலைப்புப் பாட்டு வந்தபிறகுதான் விற்பனை எகிறியது. நான் 9. அவன் 6 போட்டுவிட்டு "இதுல நான் என்னத்தைத் தட்டறது?" என்றான். கட்டைவிரலைக் கேள், தாளம் முழுக்க அந்த விரலில்தான் நடக்கிறது என்றேன். கேட்டான், 7 ஆக்கினான், அதற்கு மேல் அசையவில்லை. ஆனால் முதல் ஆல்பம் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' (1969) விஷயத்தில் அவன் என்னைவிடத் தீவிரம். அதில் 'ரிவர் மேன்' ஐந்து எண்ணிக்கையில் போகிறது, நம் கணக்கில் கண்டம். மேலே வயலின் கூட்டம் மிதக்கிறது, கீழே கிதார் தகதகிட என்று ஒரு சிக்கலும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது, ஐந்து என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஃபோக் பக்கம் கொஞ்சம் காது பழகியபிறகு நிக் டிரேக்கை இந்த ஆல்பத்தில் தொடங்குங்கள், பிங்க் மூனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனைக் கேட்டிருந்தால் உங்களுக்கு பென்டாங்கிள் குழுவின் 'பாஸ்கெட் ஆஃப் லைட்' (1969) என்றுதான் சொல்லியிருப்பான். முதல் பாட்டு 'லைட் ஃப்ளைட்' ஐந்துக்கும் ஏழுக்கும் மாறி மாறித் தாவும், நடுவில் ஆறு. டேனி தாம்சனின் டபுள் பேஸ், இரண்டு அசுரக் கிதார்காரர்கள், ஜான் ரென்போர்ன் ஒரு கட்டத்தில் சிதாரையும் எடுத்துவிடுகிறார். அவன் 9, நான் 7. ஜாக்கி மெக்‌ஷீயின் குரல் கண்ணாடிபோலச் சுத்தம், எனக்குக் கொஞ்சம் கீறல் வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று: நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட்' (1972) ராக் ரசிகர்களுக்குப் பாதுகாப்பான தொடக்கம் என்று இங்கேயே சிலர் சொல்லுவார்கள். நான் 6தான் தருவேன். 'த நீடில் அண்ட் த டேமேஜ் டன்' இரண்டே நிமிடத்தில் ஆளை உலுக்கும், அதே ஆல்பத்தில் லண்டன் சிம்பொனியைக் கூட்டிவந்து 'தேர்ஸ் எ வேர்ல்ட்' என்று ஒரு பாட்டை வீங்கவைத்திருக்கிறார்கள். டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' (1967) வேண்டுமானால் முயலலாம், ஹென்ட்ரிக்ஸின் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' உங்களுக்குப் பாடம் என்றால் அதன் மூலம் இதில்தான், பேஸ், டிரம்ஸ், ஹார்மோனிகா, கிதார், அவ்வளவே. அட்டையில் டிலனுக்கு இரு பக்கமும் நிற்பவர்களில் இருவர் வங்காளத்து 'பாவுல்' (Baul) நாடோடிப் பாடகர்கள், பூர்ண தாஸும் லக்ஷ்மண் தாஸும்.

கேட்கும்போது ஒரு கவனம். ஸ்ட்ரீமிங்கில் இருக்கும் லீஜ் அண்ட் லீஃபில் எட்டாவது பாட்டு 'கிரேஸி மேன் மைக்கேல்' முடிந்ததும் போனஸ் பாட்டுகள் ஓட ஆரம்பித்துவிடும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அன்ஹாஃப்பிரிக்கிங்கிலும் எட்டோடு சரி. முதல் தடவை பிரெஞ்சுப் பாட்டைத் தாண்டிவிட்டாலும் பரவாயில்லை, 'எ செய்லர்ஸ் லைஃப்' மட்டும் ஹெட்போனில், பாதியில் எழுந்துபோகாமல் கேளுங்கள். அதன் பதினோராவது நிமிடத்திலும் கொட்டாவி வந்தால் பென்டாங்கிளுக்குப் போய்விடுங்கள். நண்பன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், ஆனால் அதை அவனிடம் நான் சொல்லப்போவதில்லை.