உண்மையைச் சொல்ல மூன்று வாரமா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பிற்பகல் இரண்டு மணிக்கு நானும் மாமியாரும் ஒரு தமிழ்த் தொடர் பார்க்கிறோம். கொழுந்தன் வீட்டுப் பத்திரத்தில் கள்ளக் கையெழுத்துப் போட்டதைக் கதாநாயகி கண்ணாலேயே பார்த்துவிட்டாள். மூன்று வாரமாகியும் கணவனிடம் சொல்லவில்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் போன் அடிக்கிறது, இல்லையென்றால் யாராவது மயங்கி விழுகிறார்கள். எரிச்சலில் நான் எழுந்து போனால் மாமியாரின் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் எரிச்சல் முழுக்க நியாயமானது, சகோதரி. 'சீரியல்தானே, இதற்குப் போய்க் கோபமா' என்பவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தினமும் அரை மணி நேரம் கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

கதை மெதுவாகப் போவது குற்றமில்லை. உங்கள் மாவட்டத்துப் பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறதே, கம்பனின் பாட்டைப் பாடி விளக்கம் சொல்லி 21 இரவு கதையை நடத்துகிறார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொண்டு அங்கே யாரும் நிற்பதில்லை. இலங்கையிலிருந்து திரும்பும் அனுமன், சீதையைக் கண்டேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறான். இராமன் ஒரு நொடிகூடத் தவிக்கக் கூடாது என்ற அக்கறை அது. அதன் பிறகும் அணை கட்ட வேண்டும், போர் நடக்க வேண்டும். கதை ஒன்றும் தீர்ந்துபோகவில்லை.

உங்கள் தொடரை எழுதுபவர்களுக்கு அந்தத் தைரியம் இல்லை. அவள் சொல்லிவிட்டால் கணவன் நம்புவானா, தம்பியை விட்டுக்கொடுப்பானா, வீட்டில் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள்? நான்கு மாதத்துக்குக் கதை இருக்கிறது. அதை விட்டுவிட்டு, விவரம் தெரிந்த ஒரு பெண்ணை அசடாக்கி நிறுத்துகிறார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான். நாள் தவறாமல் எழுதும் நெருக்கடி பெரியது, ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம்தான் என்று விதி இருப்பதால், அரை மணித் தொடருக்கு 24 நிமிடம் நிரப்ப வேண்டும். அதற்காக ஒரு இடி முழக்கம், ஆறு பேர் முகம், மறுபடி அதே ஆறு பேர் முகமா?

நீங்கள் எழுந்து போக வேண்டாம். மாமியாருக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு ஆள். கீரையையோ வெங்காயத்தையோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 'இன்றைக்காவது இவள் சொல்லியிருக்கலாமே அத்தை' என்று பேச்சுக் கொடுங்கள். உங்களைவிட அவருக்குக் கோபம் அதிகமாக இருந்தாலும் இருக்கும்.

சேனலுக்கும் எழுதுங்கள். டிவியை அணைத்தால் அவர்களுக்கு உறைக்கும் என்று நினைக்காதீர்கள். பார்வையாளர் கணக்கெடுக்கும் பார்க் அமைப்பு, தேர்ந்தெடுத்த வீடுகளில் மட்டுமே கருவி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் நீங்கள் அணைத்தது எந்தக் கணக்கிலும் ஏறாது. 'இழுக்கிறீர்கள்' என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எந்தத் தேதி, எந்தக் காட்சி, அந்த இடத்தில் அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். மாமியாரும் கையெழுத்துப் போடட்டும்.