பக்கத்து வீட்டு விருந்தும் ஜெபக்குழுவும்

சகோதரி, கோத்தகிரியில் பக்கத்து வீட்டுப் படகர் குடும்பம் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அழைத்து, நீங்கள் போய்ச் சாப்பிட்டதிலிருந்து ஜெபக்குழுவில் ஒரு அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

வேதத்தில் 1 கொரிந்தியர் 10-ஐ 27ஆம் வசனத்திலிருந்து நிதானமாக வாசியுங்கள். விசுவாசியாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடலாம் என்கிறார் பவுல். அடுத்த வசனத்திலேயே, இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று யாராவது சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிட வேண்டாம் என்கிறார். ஆக, நீங்கள் போனதிலும் தப்பில்லை, அந்த அக்காவின் பயத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. ரோமர் 14 இருவரையும் சேர்த்தே கண்டிக்கிறது: சாப்பிடுகிறவர் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, சாப்பிடாதவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

குழுவில் எல்லார் முன்னாலும் வசனத்துக்கு வசனம் மோதாதீர்கள். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், டீ குடித்துக்கொண்டே, எதற்காக அஞ்சுகிறார் என்று கேளுங்கள். சமீபத்தில் விசுவாசத்துக்கு வந்தவர் என்றால், படையல் சாப்பாடு அவருக்கு விட்டு வந்த பழைய வாழ்க்கை. அவர் எதிரில் அதைத் தொடாமல் இருங்கள், போதும். அப்புறம், பக்கத்து வீட்டு உறவை விட்டுவிடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.