சாட்சி சொல்ல வாய் வரவில்லையே!

கேள்வி: எம்.சி. ரோட்டில் புடவைக்கடையில் வேலை பார்க்கிறேன். அப்பா இறந்த பிறகுதான் இயேசுவை ஏற்றுக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில், என்னோடு வேலை செய்யும் அக்கா, "ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்கு ஓடுறியே, அங்க இன்னா கிடைக்குது உனக்கு?" என்று கேட்டார். நெஞ்சு படபடத்து, பேச்சை மாற்றிவிட்டேன். குற்ற உணர்வு வாட்டுகிறது. கடையில் இயேசுவைப் பற்றிய கைப்பிரதி கொடுக்கலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் படபடப்பை விசுவாசக் குறைவென்று நினைக்காதீர்கள். கொரிந்துவுக்குப் போனபோது பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாக அப்போஸ்தலன் பவுலே எழுதியிருக்கிறார் (1 கொரி. 2:3). அக்கா கேட்டது உங்களுக்கு என்ன கிடைத்தது என்றுதான். நீங்களோ பிரசங்கம் பண்ண வேண்டுமோ என்று பயந்துவிட்டீர்கள். யோவான் 9-ல் பார்வை பெற்றவரைப் பாருங்கள். யூத மதத் தலைவர்களான பரிசேயர் துருவித் துருவிக் கேட்டபோது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்; இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்று தனக்கு நடந்ததைச் சொன்னார். அதுதான் சாட்சி.

இந்த வாரமே ஒரு நோட்டில் அதை எழுதுங்கள். அப்போஸ்தலர் 26-ல் அகிரிப்பா ராஜாவிடம் பவுல் பேசிய வரிசை கைகொடுக்கும்: முன்பு எப்படி இருந்தேன், இயேசு எப்படிச் சந்தித்தார், இப்போது எப்படி இருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வரி. வாய்விட்டுப் படித்தால் 2 நிமிடம் தாண்டக்கூடாது. தாண்டினால் பெரும்பாலும் முதல் பகுதிதான் நீண்டிருக்கும், அதைக் குறையுங்கள்.

பிறகு சபைக்குள் மட்டுமே புரியும் வார்த்தைகளை அடியுங்கள். "இரட்சிப்பின் நிச்சயம் கிடைச்சுது" என்றால் அந்த அக்காவுக்கு ஒன்றும் விளங்காது. "அப்பா போனப்புறம் ராத்திரியில தூக்கமே வராதுக்கா. இயேசுகிட்ட அழுது ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன். இப்பவும் அப்பா ஞாபகம் வரும், ஆனா தனியா இருக்கேன்னு தோணல" என்பது விளங்கும். உங்களுக்கு நடந்தது இதுவல்ல என்றால், நடந்ததையே எழுதுங்கள். கூட்டிச் சொன்ன சாட்சி இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறும்.

வாலிபர் கூட்டத்துத் தோழி ஒருத்தியை அக்காவாக உட்காரவைத்து, மூன்று முறையாவது சொல்லிப் பாருங்கள். வாய் பழகிவிட்டால் பயம் பாதி இறங்கிவிடும். பேசப்போகும் நேரத்தில் மூச்சை 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். தெரியாததைக் கேட்டால் "தெரியலக்கா, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள்.

பேச்சு கெடும் இடங்களும் உண்டு. அவர் கும்பிடும் சாமியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைவாகச் சொல்லாதீர்கள். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத்தான் பேதுரு சொல்கிறார் (1 பேதுரு 3:15). "சர்ச்சுக்கு வந்தா வியாதி போயிடும், கடன் அடைஞ்சுடும்" என்ற வாக்கு வேண்டவே வேண்டாம், அது உங்கள் கையில் இல்லை. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு முதலியவற்றுக்கு உட்பட்டு, எல்லோருக்கும் தருகிறது. ஆனால் அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமையல்ல என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவர் "வேணாம்மா" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மறுநாளும் குழம்பைப் பகிர்ந்து சாப்பிடுங்கள்.

அவர் மறுபடி கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. "அன்னைக்குக் கேட்டீங்களே அக்கா, பதில் சொல்லாமப் போயிட்டேன். இப்ப சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். கடையில் ஆள் இல்லாத நேரம், சாப்பாடு முடிந்தபின் ஐந்து நிமிடம் போதும்.

கைப்பிரதியைக் கடைக்குள் கொடுக்காதீர்கள். அது முதலாளியின் இடம், வாடிக்கையாளர் புடவை வாங்க வந்தவர். அக்காவே படிக்கக் கேட்டால் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம்தான். 5-ம் அதிகாரத்தில், 12 வருஷம் இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூலிழையை வைத்துக் கொடுங்கள், அங்கிருந்து தொடங்கட்டும்.